மூக்கில் வழிந்த பால்

என் மாமனார் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்றபோது நான் மாணவர்களுக்கு ஒரு மீனின் வாயைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக எனக்கு வேலை. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரை ஊரில் இருந்த தாய்வீட்டில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம் ஆகிப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று சேதி வந்திருந்தது. அடுத்து வந்த விடுமுறையில் போய்ப் பார்ப்பதாக இருந்தேன்.

அந்த மீனுக்கு லாம்ப்ரே என்று பேர். நம் ஆறுகளில் கிடையாது. குளிர் தேசத்திலிருந்து ஃபார்மலின் ஜாடியில் கப்பலேறி வந்தது. மேலுக்குப் பார்த்தால் விலாங்கு போலத்தான் இருக்கும். வாயைப் பார்த்தால்தான் இது வேறு வகை என்று தெரியும். தாடையே இல்லை. திறந்து மூடுகிற எதுவும் இல்லாமல் புனல் மாதிரி ஒரு வட்டக் குழி. குழியின் உள்பக்கமெங்கும் மஞ்சள் நிறத்தில், நகத்தைப் போன்ற கெட்டிப் பற்கள். நடுவில் நாக்கு, அதிலும் பல். நாக்கைத் தாங்கிக்கொண்டு ஒரு நீளமான குருத்தெலும்புத் தண்டு இருக்கிறது. தசைகள் அந்தத் தண்டை சைக்கிள் பம்பின் தண்டைப் போல முன்னும் பின்னும் இழுக்கும். வேறொரு மீனின் விலாவில் புனலைப் பொருத்தி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, அது ஒட்டிக்கொள்ளும். பிறகு நாக்கால் தோலைச் சுரண்டி ரத்தத்தை உறிஞ்சும். ரத்தம் உறைந்துபோகாமல் இருக்க அதன் எச்சிலில் ஒரு சரக்கு உண்டு. வாய் அடைபட்டிருக்கும்போது மூச்சு வாங்கவேண்டுமே, அதற்கு வாயை நம்பி இருப்பதில்லை. தண்ணீர் கழுத்தோரத் துளைகள் வழியே உள்ளே போய் அதே துளைகள் வழியே வெளியே வந்துவிடும்.

அன்று நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்த தலை ஒன்று தட்டில் இருந்தது. "மூக்கைப் பாருங்கள். உச்சந்தலையில் ஒரே துளை. உள்ளே போய் மூளைக்கு அடியில் ஒரு பையாக முடிந்துவிடுகிறது. தொண்டைக்கு வழி கிடையாது. இதற்குச் சொந்தக்கார மீன் இன்னொன்று உண்டு, ஹாக் மீன் என்று. அதற்கு மூக்கு தொண்டைக்குள் திறக்கும். பரீட்சையில் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்" என்று சொல்லி நிமிர்ந்தபோது மாமனாரைப் பார்த்தேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். வெற்றிலைக் கொடிக்காலை விட்டுச் சட்டென்று கிளம்பி வருகிற மனிதர் அல்ல அவர்.

"மாப்பளைங்க, சித்த வெளிய வாங்க."

போனேன்.

"கொளந்தை பால் குடிக்க மாட்டீங்குதுங்க. மாருல வெச்சாச் சப்புது, சப்பிக்கிட்டே கெடக்குது, ஒண்ணும் எறங்க மாட்டீங்குது. சங்குல ஊத்துனா மூக்கு வழியா வந்துருதுங்க."

"எப்போதிருந்து?"

"பொறந்ததுல இருந்தேங்க. சரியாப் போயிரும்னு இருந்துட்டோம். இப்ப அழுகறதுக்கும் தெம்பு இல்லீங்க."

தட்டை மூடச் சொல்லிவிட்டு, கையைக் கழுவினேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை, அவரோடு பஸ் ஏறினேன். நாமக்கல்லில் வண்டி மாறி, பரமத்தி வேலூரில் இறங்கி, வாய்க்கால் மேட்டில் நடந்து போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை.  ஃபார்மலின் வாடை இன்னும் என் விரல்களில் இருந்தது.

குழந்தையைப் பழைய சேலைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். பிறந்த குழந்தை என்று சொல்லமாட்டார்கள், வயதானவர் முகம் அது. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. வாயைத் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை. என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்புச் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, எங்கிட்டப் பால் இருக்குதுங்க" என்றாள். என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "எல்லாரும் எம்பால் சேரலைங்கறாங்க. பாருங்க, தானா வடியுது. இருந்தும் எம்புள்ள பட்டினி கெடக்குதுங்க."

ஒருமுறை மார்பில் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உதட்டில் குறை எதுவும் இல்லை. தாடை மேலும் கீழும் ஓடியது. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் சொடக்குப் போடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. காற்று எங்கிருந்தோ புகுந்துவிடுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மூக்கிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது.

குழந்தையை எடுத்துக்கொண்டு வெளிவாசலில் வெயிலுக்கு வந்தேன். அவள் அழ வாய் திறந்தபோது சுண்டுவிரலால் நாக்கை அழுத்தி உள்ளே பார்த்தேன். மேல்வாயில் அண்ணம் இல்லை. முன்பக்கம் கொஞ்சம் இருந்தது. அதற்குப் பின்னால் நடுவே பிளந்து, மேலே மூக்கின் உட்புறம் சிவப்பாகத் தெரிந்தது. வாயும் மூக்கும் ஒரே அறை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்று காலையில்தான் அதைப் பாடமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உறிஞ்சவேண்டுமானால் வாய் எல்லாப் பக்கமும் அடைபட்டிருக்கவேண்டும். அந்த மீனுக்கு மூக்கு அடைபட்டிருக்கிறது, அதனால் கல்லில்கூட ஒட்டிக்கொள்ளும். என் மகள் எவ்வளவு இழுத்தாலும் மூக்கு வழியே காற்றுதான் வரும். எவ்வளவு பால் கட்டிய மார்பை வைத்தாலும் பால் வராது. இதெல்லாம் புரிந்தது. புரிந்துகொண்டதால் மட்டும் அவள் வயிற்றுக்கு ஒரு சொட்டும் போய்விடவில்லை.

உள்ளே வந்து சொன்னேன். என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது. என் எதிரில் அவர் வந்து நின்று பேசியதில்லை, எப்போதும் கதவு மறைவில்தான்.

"மருத்துவச்சி அன்னைக்கே சொல்லிட்டாங்க, மாப்பளை. வாயத் தொடைக்கறப்பவே வெரல்ல தட்டுப்பட்டுருச்சாம். அவங்க கையில முன்ன ஒண்ணு இப்புடிப் பொறந்துதாம். தங்கலையாம்."

என் மனைவி எழுந்துவிட்டாள். பிரசவ உடம்போடு அவ்வளவு வேகமாக எழுவாள் என்று நினைக்கவில்லை.

"தெரிஞ்சுதான் இருந்தயாம்மா? எம்பால் சேரலைன்னு எல்லாரும் பேசறப்ப நீ பேசாமத்தான இருந்த?"

"ஆசை வெச்சுட்டீன்னா அப்பறம் தாங்கமாட்ட சாமி" என்றார் மாமியார். குரல் உடைந்து போயிருந்தது. "போறது போகட்டும்னு இருந்தேன். நீ பொழைக்கோணுமில்ல."

 எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. எனக்கும் அந்த எண்ணம் ஒருகணம் வந்து போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் குழந்தையை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வயதானவர், நல்ல மனிதர். வாயைப் பார்த்தவுடன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதைத் தைத்து மூடலாம். மெட்ராஸில் செய்கிறார்கள். ஆனால் ஒன்றரை வயசாவது ஆகவேண்டும். உடம்பில் சதை வேண்டும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஊட்டவேண்டும்."

"எப்படி ஊட்டுவது, டாக்டர்?"

அவர் குழந்தையைத் துணியால் மூடினார். "கரண்டியில் கொடுத்துப் பாருங்கள். வேறு நான் என்ன சொல்லட்டும்?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அவளால் இழுக்க முடியாது, அப்படியானால் நாம் தள்ளவேண்டும். என் பையில் பேனாவுக்கு மை ஊற்றும் பில்லர் புதிதாக ஒன்று இருந்தது. கண்ணாடிக் குழாயும் ரப்பர்க் குமிழும். அதை வெந்நீரில் கொதிக்கவைத்தேன். மனைவி பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தாள். குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, குழாயை அடிநாக்கு வரைக்கும் விட்டுக் குமிழை அழுத்தினேன்.

முதல் தடவை விழுங்கினாள். வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவை அழுத்தியபோது அவள் உடம்பு விறைத்தது. பால் மூக்கிலும் வாயிலும் பொங்கியது. உதடு கருநீலமானது. மூச்சு இல்லை. நான் கையில் பில்லரோடு அப்படியே இருந்தேன். என் மனைவிதான் பிடுங்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். தட்டத் தட்ட, கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

"இனி நீங்க தொடாதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி பஞ்சைப் பாலில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தாள். நாலு சொட்டில் ஒரு சொட்டு உள்ளே போகும். குழந்தை கண்ணைத் திறப்பது குறைந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் மத்தியானம் கொடிக்கால் பக்கம் போனேன். அகத்தி மரங்களுக்கு அந்தப் பக்கம், வரப்பு ஓரமாக மாமனார் மண்வெட்டியோடு நின்றிருந்தார். சின்னதாக ஓர் இடத்தைச் செதுக்கிப் புல்லை ஒதுக்கியிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் திருப்பப் போகிறவர்போல வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டார்.  அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு சின்ன இடம் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தையைத் தொடவேண்டாம் என்று என்னிடம் சொன்ன பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அன்று அவளாகக் கேட்டாள்.

"வாயும் மூக்கும் ஒண்ணாப் போனா உறிஞ்ச முடியாதுன்னு சொன்னீங்களே, அது எப்புடி உங்களுக்குத் தெரியும்?"

என்னிடம் வேறு எதுவும் இல்லாததால் அந்த மீனைப் பற்றிச் சொன்னேன். வட்ட வாய், நாக்குத் தண்டு, அடைபட்ட மூக்கு எல்லாவற்றையும். நடுவில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. பட்டினியில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவளிடம் ரத்தம் உறிஞ்சும் மீனைப் பற்றி என்ன பேச்சு. ஆனால் அவள் விடவில்லை.

"குஞ்சா இருக்கறப்பவும் அது இப்புடித்தான் ஒட்டி உறிஞ்சுமுங்களா?"

"இல்லை. குஞ்சுக்கு அந்தப் புனலே கிடையாது. பல்லும் கிடையாது. ஆற்று மணலுக்குள் புதைந்து கிடக்கும். மேலுதடு மட்டும் முக்காடு போட்டது மாதிரி முன்னால் வந்திருக்கும்."

"அப்பறம் என்னத்தத் திங்கும்?"

"தொண்டையில் ஒரு மடிப்பு மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தானாக உள்ளே வரும். அதில் வருகிற தூசி, பாசி எல்லாம் தொண்டையில் இருக்கும் சளியில் ஒட்டி, நூல் மாதிரி திரண்டு, வயிற்றுக்குள் இறங்கிவிடும்."

"உறிஞ்சவே உறிஞ்சாதா?"

"உறிஞ்சாது. வருஷக்கணக்கில் அப்படியேதான் வளரும்."

அவள் குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"இவளுக்கு முழுங்கறதுல கொறை இல்லீங்க" என்றாள் பிறகு. "எச்சலை முழுங்கறா. நான் பாத்துக்கிட்டேதான இருக்கறேன். நாம படுக்கப் போட்டு ஊத்தறோம், அது மூக்குக்குப் போயிருது. நீங்க பீச்சுனீங்க, மூச்சுக்குப் போயிருச்சு. உக்கார வெச்சு, நாக்கு மேல பால் தானா நகந்து போற மாதிரி உட்டுப் பாக்கலாமுங்களா?"

மாமியார் கதவு மறைவிலிருந்து கையை மட்டும் நீட்டிப் பாலாடைச் சங்கைக் கொடுத்தார். மனைவி அதை ஒதுக்கிவிட்டு, மருந்து கொடுக்கும் சின்னக் கரண்டியைக் கேட்டாள். குழந்தையை என் நெஞ்சில் சாய்த்து நேராக உட்காரவைத்து, தலையை என் உள்ளங்கையில் தாங்கச் சொன்னாள். கரண்டியின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்தாள். ஊற்றவில்லை. கரண்டியை மெல்லச் சாய்த்துப் பாலை உதட்டுக்கு வரவிட்டாள். நாக்கின் நடுவில் பால் ஒரு கோடாக ஓடியதை என்னால் பார்க்க முடிந்தது. அவள் காத்திருந்தாள். குழந்தையின் தொண்டை ஏறி இறங்கியது. கொஞ்சம் மூக்கில் வந்தது. துடைத்தாள். குழந்தை மூச்சு வாங்கி முடிக்கும்வரை கரண்டியை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். மறுபடி ஏறி இறங்கியது.

"போகுதுங்க" என்றாள். அழுகையும் அதட்டலுமாக அந்தக் குரல் வந்தது. "ஆட்டாதீங்க. தலைய ஆட்டாதீங்க."

கிண்ணத்தில் பாதி போவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. என் கை மரத்துப்போயிருந்தது. முடித்து நிமிர்ந்தால் அடுத்த வேளைக்குப் பீய்ச்சும் நேரம் வந்துவிட்டது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். சில வேளை கிண்ணம் பூராவும் போகும். சில வேளை போன அத்தனையும் மூக்கு வழியே திரும்பி வரும். பிள்ளை கொஞ்சம் அசந்து மூச்சோடு சேர்த்து விழுங்கினால் நீலமாகிவிடுவாள். ஒவ்வொரு கரண்டிக்கும் எங்கள் உயிர் போய்விட்டு வந்தது. என் மனைவி வேறு யாரையும் ஊட்டவிடவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். சோற்றைக் கொண்டுவந்து வைத்தால் அது காய்ந்து கிடக்கும். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் பஸ்ஸைப் பிடித்து வருவேன். வாய்க்கால் மேட்டில் நடக்கும்போது வீட்டுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வருவேன். குழந்தை அழும் சத்தம் கேட்டால் போதும், கால் தானாக வேகம் பிடிக்கும்.

ஆய்வுக்கூடத்தில் அந்த மீனின் வாயைப் படமாக வரைந்து முடிக்கவேண்டியிருந்தது. பென்சிலை எடுப்பேன். புனலின் வட்டத்தைப் போடுவேன். அதற்குமேல் கை ஓடாது. வளர்ந்து முடிந்த பிறகு சில வகை லாம்ப்ரேக்கள் எதையுமே தின்பதில்லை, குடல் சுருங்கி, முட்டையிட்டுச் செத்துப்போகின்றன என்று புத்தகத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் தாண்டிப் போனேன்.

மார்கழிப் பனியில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. உள்ளே போகக்கூடாத பால் உள்ளே போயிருக்கவேண்டும். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. மூச்சு வாங்கும்போது விலாவெலும்புக்கு நடுவில் தோல் பள்ளம் விழுந்தது. படுக்கவைத்தால் மூச்சு நின்றுபோகும்போல இருந்தது, யாராவது நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. என் மனைவிக்கும் காய்ச்சல். அப்போதுதான் மாமியார் கதவு மறைவிலிருந்து வெளியே வந்தார். நான் இருப்பதைப் பார்க்காதவர்போல வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். காலை நீட்டி உட்கார்ந்து, தொடைமேல் அவளை நிமிர்த்தி, தன் மார்போடு சாய்த்துக்கொண்டார். காய்ச்சல் இறங்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழுந்ததை நான் பார்க்கவில்லை. போறது போகட்டும் என்று சொன்னவர், "போயிராத சாமி, போயிராத கண்ணு" என்று அவள் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிழைத்துக்கொண்டாள். பல் முளைத்து, குழைந்த சோறும் களியும் தின்ன ஆரம்பித்த பிறகு எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கெட்டியான உணவு பாலைப்போல மூக்குக்கு ஓடவில்லை. ஆனால் மெட்ராஸ் போவது தள்ளிக்கொண்டே போனது. ஒருமுறை உடம்பில் சதை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்தமுறை போனபோது காய்ச்சல். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. தைக்கத் தெரிந்த டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளையை எடுத்துக்கொண்டு அன்றே ரயிலேறினோம்.

அவள் பேச ஆரம்பித்தபோது எல்லா எழுத்தும் மூக்கில் வந்தது. பகரம் மகரமாகிவிடும். என்னை "அப்பா" என்று கூப்பிட்டால் "அம்மா" என்று கேட்கும். இரண்டு பேரும் திரும்புவோம். ஊரில் பிள்ளைகள் அவள் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், "இந்தப் பாப்பா சொல்லறது எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்களே" என்றார்.

சேலத்தில் பல் கட்டுகிற ஒருவர் கெட்டி ரப்பரில் ஒரு தகடு செய்து கொடுத்தார். மேல்வாயில் பொருத்தினால் பிளவு மூடிக்கொள்ளும். முதலில் அவளுக்கு அது பிடிக்கவில்லை, குமட்டித் துப்பினாள். பிறகு பழகிப்போனது. வளர வளர வேறு தகடு செய்யவேண்டியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பாடம் ஒப்பித்தாள், கடையில் சாமான் கேட்டு வாங்கினாள். அந்நியர்களுக்கும் அவள் பேச்சு பாதிக்குமேல் புரிந்தது.

ஆனால் பள்ளிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவாள். அடுப்படியில் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் மூக்கால் கொட்டித் தீர்ப்பாள். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே "அப்பறம்? அவ என்ன சொன்னா?" என்று கேட்பாள். ஒரு வார்த்தையைக்கூட இரண்டாம் முறை சொல்லச் சொன்னதில்லை. எனக்குப் பாதி புரியாது. கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.